குப்பை வண்டிக்கு அப்பால்

மாடிக் கொடியில் ஒரு ஜீன்ஸ் பேன்ட்டும் பழைய துண்டும் தொங்கின. காயப்போட்டால் சும்மா காயவேண்டியதுதானே? ஜீன்ஸுக்கு வாய் அடங்காது. துணி உலர்த்திக்கொண்டிருந்த செண்பகம் போட்டிருந்த நைட்டியை வம்புக்கு இழுத்தது.

“ஏம்மா நைட்டி, தெருமுனையைப் பார்த்திருக்கியா?”

“இல்ல. குப்பை வண்டி வந்தா கேட் வரைக்கும் போவேன்.”

“அதுவும் தோள்ல துண்டு துணைக்கு வந்தாத்தான்! நான் ஊட்டிக்கே போனவன்.”

நைட்டிக்குச் சுருக்கென்றது. “ரொம்பத்தான் பீத்திக்காதே. ஒருநாள் நானும் போய் எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

அந்த நேரம் செண்பகத்தின் காலடியில் விளையாடிய அவளுடைய பெண்குழந்தை சறுக்கி விழுந்தது. நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. செண்பகம் குழந்தையை வாரித் தோளில் போட்டாள். கொடியிலிருந்து துண்டை உருவி மேலே போர்த்திக்கொண்டு ஓடினாள்.

“நான் இருக்கேன், போ!” என்றது துண்டு நைட்டியிடம்.

கேட்டைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி, ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

மூன்று தையலோடு குழந்தை வீடு திரும்பியது. ரத்தக்கறை போகக் கசக்கிப் பிழிந்த நைட்டி மாலையில் கொடிக்கு வந்தது. இடுப்பு இன்னும் காயாத ஜீன்ஸ் ஆவலாகக் கேட்டது.

“தெருமுனை எப்படி இருந்துச்சு? ஆஸ்பத்திரி பெரிசா?”

“தெரியலப்பா. பிள்ளை என்னைக் கெட்டியாப் பிடிச்சிருந்தா. நான் அவளையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அடித்த காற்றில் ஜீன்ஸ் நைட்டிக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.