முதல் விமானம்

"டி.வி.யில நியூஸ் தெரியாம இருக்கக் கேபிள் ஒயரைப் புடுங்குனது நீங்கதானுங்களா மாமா?" மருமகள் சௌந்தர்யா சந்தேகத்தோடு கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?" ராசப்பன் விறைப்பாகச் சொன்னார்.

"உங்க மகன் வேலை பாத்த, சண்டை நடக்கற நாட்டுக்கு மறுபடியும் விமானம் விட அரசாங்கம் அனுமதி குடுத்திருச்சாமுங்க. அவரு ரெண்டு மாசமா இதுக்குத்தான் காத்துக் கெடக்கறாரு. போக வேண்டாம்னு இப்பவாவது அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பெத்த மகன்கிட்டக் கெஞ்சற பழக்கம் இந்தக் குடும்பத்துல இல்ல."

உள்ளறையிலிருந்து அவள் கணவன் கதிர்வேல் கத்தினான்.

"சௌந்தர்யா! மொத விமானத்துலயே வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிட்டாங்க. என் பாஸ்போர்ட்டைப் பாத்தியா?"

"இல்லீங்களே!" என்றாள் சௌந்தர்யா, தரையைப் பார்த்தபடி.

ராசப்பன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவன் கைக்கு அகப்படாத எடத்துலதான வெச்சிருக்கற, சாமி?"