பன்னிரண்டாவது பெயர்

“அந்த ஆர்டரை டைப் அடிச்ச குருட்டுப்பய மட்டும் என் கையில கெடைக்கட்டும் தங்கச்சி, வெரலை ஒடிச்சிப்புடுவேன்!”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உக்கிரபாண்டி சத்தம் போட்டார். ஒரு கையில் ராணுவ ரெக்கார்டு ஆபீஸிலிருந்து வந்த கடிதம், மறு கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று வருடமாக, மாதம் தவறாமல் கோவில்பட்டியில் பஸ் ஏறி நாகலாபுரம் வந்துவிடுகிறார். எல்லாம் தன்னோடு ஒரே பட்டாலியனில் இருந்த சோலைராஜுக்காகத்தான்.

சோலைராஜ் ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிமலையில் காவல் நின்றவர். இடது காலில் இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆர்டரில் பெயர் விட்டுப்போனதால் அதற்குரிய பதக்கம் வரவில்லை. சர்வீஸ் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. திருத்தக் கேட்டு ஒன்பது மனு போட்டாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

“விடுங்க அண்ணாச்சி. யானைக்கும் அடி சறுக்கும்” என்றார் சோலைராஜ், வத்தலுக்குக் காம்பு கிள்ளியபடியே. “அவன் எந்தக் குளிர்ல கை வெறைச்சுப் போயி அடிச்சானோ, பாவம்.”

“என்னல பாவம்? நானும் அதே குளிர்ல, அதே ஆபீஸ்லதான் இருபத்திரண்டு வருசம் டைப் அடிச்சேன். ஒரு எழுத்துத் தப்பு விட்டிருப்பேனா? ‘பாண்டி அடிச்ச காயிதத்தைப் படிச்சுப் பாக்கவே வேண்டாம், கையெழுத்தைப் போட்டுரலாம்’னு கர்னலே சொல்லுவாரு. கூட இருந்த ரெண்டு கிளார்க்கும் தூங்கிக்கிட்டே அடிப்பானுவ. அதுல ஒருத்தன் பாத்த வேலதான் இது!”

மாதாமாதம் இந்தப் பேச்சைக் கேட்டு சோலைராஜின் மனைவி ஆவுடைத்தாய்க்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பேசி முடித்ததும், பட்டாளத்திலேயே தமிழில் கையெழுத்துப் போட்டவன் தான் ஒருவன்தான் என்பார். மனு எழுதும் நாளென்றால், சொன்ன கையோடு அதில் சாட்சிக்கான இடத்தில் முத்துமுத்தாகத் தன் பெயரை எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவான்.

“லெட்டர்ல என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?” என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

“இதுதான் கடைசி வாய்ப்பாம், தங்கச்சி. மலையில இருந்து எறங்கினதும் பேரெல்லாம் போட்டு ஆளுக்கொரு ஆர்டர் நகல் குடுப்பாங்க. அதை இந்த மாசத்துக்குள்ள அனுப்பினா பாப்பாங்களாம். இல்லேன்னா கேஸை மூடிருவாங்களாம். ஏலே சோலை, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒன் நகல் எங்கல?”

“எங்க போச்சோ. முப்பத்தஞ்சு வருசமாச்சுல்ல.”

“டிரங்குப் பெட்டியில பாத்தியா?”

“அதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்றார் சோலைராஜ் அவசரமாக.

ஆவுடைத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது, ஊரிலுள்ள பட்டாளத்துக்காரர்களைப் பதக்கத்தோடு வரிசையாக நிறுத்துவார்கள். போன வருடம் ஊர்க்காரன் இசக்கிதுரை எல்லார் முன்னாலும் கேட்டான்: “பனிமலைக்குப் போனேங்கீரு, அந்த மெடல் எங்க? வெரலை எலி கடிச்சிருக்கும்வே!” கூட்டமே சிரித்தது. இந்த மனுஷனும் சேர்ந்து சிரித்தார். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பதக்கத்தை அவர் சட்டையில் குத்தி, இசக்கிதுரை முன்னால் ஒரு நாள் நிறுத்திவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

“இவியளுக்கு எதுலதான் அக்கறை? நான் போய்ப் பாக்குதேன்” என்று எழுந்தாள்.

“நல்லாப் பாரு தாயி. அதுக்குள்ள மூஞ்சியைக் கழுவிட்டு வந்துருதேன்” என்று உக்கிரபாண்டி குழாயடிக்குப் போனார்.

பெட்டிக்குள் பழைய யூனிபார்ம், முரட்டுக் கம்பளி, பெல்ட். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். கடைசியாக அடியில் விரித்திருந்த செய்தித்தாளையும் தூக்கினாள். அதற்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு தாள்.

எட்டாவதோடு நின்றவள் என்றாலும் எண்ணும் எழுத்தும் தெரியும். மேலே, மொத்தம் இருபது பேர் என்றிருந்தது. விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது பெயர்தான் வந்தது. பதினொன்றுக்கு அடுத்து பதின்மூன்று. பன்னிரண்டைக் காணோம்! விட்டுப்போன அந்தப் பெயர் யாருடையது என்று கேட்கவும் வேண்டுமா? இந்த ஒரு தாள் போதும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அண்ணா…”

கூப்பிட்டு முடிப்பதற்குள் சோலைராஜ் நொண்டிக்கொண்டே ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினார். “ஏட்டி, சத்தம் போடாத!”

அவர் கையைத் தள்ளிவிட்டாள். “இதை வச்சுக்கிட்டேவா மூணு வருசமா இல்லைன்னு சொன்னீங்க? உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“கோவப்படாம அடியில பாரு.”

பார்த்தாள். தாளின் அடியில், டைப் அடித்துச் சரிபார்த்தவர் போட வேண்டிய இடத்தில், முத்துமுத்தாகத் தமிழில் ஒரு கையெழுத்து. அதன் கீழே இரட்டைக் கோடு.

“ஒரு தப்பும் விட்டதில்லைங்கிறதுதான் அவிய வாங்கின மெடலு” என்றார் சோலைராஜ் மெதுவாக. “எனக்கு ஒண்ணு வேணும்னு அதைப் புடுங்கச் சொல்லுதியா?”

“தங்கச்சி, ஏதாச்சும் கெடைச்சுதா?” குழாயடியிலிருந்து உக்கிரபாண்டியின் குரல் ஆசையோடு வந்தது.

ஆவுடைத்தாய் அந்தத் தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். மேலே செய்தித்தாளை விரித்துப் பெட்டியைச் சாத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

“இல்ல அண்ணாச்சி, பூராத்தையும் எலி கடிச்சிட்டு!”