ஏழு பேர் இருந்த ஜீப்

சிங்கம் எந்த மானைப் பிடிக்கும் என்று குமுதவல்லிதான் கேட்டாள். "சீக்கு வந்ததத்தான்க்கா. வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா சிங்கத்துக்குத் தெரிஞ்சிரும்" என்றான் சஃபாரி ஜீப்பின் ஓட்டுநர். "கூட நிக்கிற மானுங்களுக்கும் தெரியும். மெல்ல ஒதுங்கிக்கும்." புல்லுக்குள் படுத்திருந்த பெண் சிங்கம் எழுந்து வந்தது. ஜீப்பில் இருந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு குமுதவல்லிக்கு நேரே நின்றது. அவள் கணவனைத் தாண்டி மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சிங்கமும் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தது. படமெடுத்துக்கொண்டிருந்த செல்போன்கள் தாழ்ந்தன. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான இருக்கேன்" என்றாள். பயப்படாதே என்று அவள் தோளில் போட்டிருந்த கணவனின் கை, அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல, மெல்ல விலகியது.