பத்துப் பேர்

டிசம்பர் விடுமுறையில் கல்லூரி விடுதியில் தங்குகிறவர்கள் அறிவிப்புப் பலகைத் தாளில் பெயர் எழுத வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் மெஸ் நடக்கும். சேராவிட்டால் விடுதியையே பூட்டிவிடுவார்கள்.

பூங்கோதை முதல் ஆளாக எழுதினாள். ஆடியில் அம்மா இறந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. போக வீடு இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாட்களாகியும் தாளில் அவள் பெயர் மட்டுமே இருந்தது.

கடைசி நாள் காலையில் மெஸ் சமையல்காரி மரியபுஷ்பம் அதைப் பார்த்தாள். "ஊருக்குப் போகலையா பாப்பா?"

"இல்லக்கா."

மரியபுஷ்பம் தாளை இன்னொரு முறை படித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனாள்.

மாலையில் பூங்கோதை பெட்டியோடு அறைச் சாவியை ஒப்படைக்க வந்தபோது, வார்டன் மரியபுஷ்பத்தை எதிரில் நிறுத்தி அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது பெயர்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன. மரியபுஷ்பம், காவலாளி, தோட்டக்காரர், பேருந்து ஓட்டுநர், நூலகப் பணியாளர்கள் மூவர், வார்டனுக்குத் தெரியாத இருவர்.

"இதுல மாணவி ஒருத்திதானே இருக்கா, மரியபுஷ்பம்?"

"பத்துப் பேருன்னுதானேம்மா போட்டிருக்கு."

"இந்த ரெண்டு பேரு யாரு?"

"என் வீட்டுக்காரரும் மகளும். இந்த வருசம் கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்களுக்கு இங்கதான்."

வார்டன் பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மரியபுஷ்பம் பூங்கோதையின் பக்கம் திரும்பினாள். "காலையில இட்லியா, பொங்கலா?"

எதுவானாலும் சரி என்று சொல்லத்தான் பூங்கோதை வாயெடுத்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பொங்கல்க்கா," என்றாள்.