கம்பெனி பெயிண்ட்

மகளின் பெட்டியை வைப்பதற்காக மாப்பிள்ளையின் கார் டிக்கியைத் திறந்தவர், மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

மூடியின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது.

பளபளப்பைக் கண்டால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். கார் பெயிண்டரான இவருக்குத்தான் சந்தேகம். பழைய வண்டிகளில் எந்தக் கம்பெனி டிக்கிக்கு உள்ளே பளபளப்பு ஏற்றியது? யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒப்புக்கு ஒரு வீச்சு வீசி அனுப்பிவிடுவார்கள். அது மங்கலாக, சொரசொரவென்று, காலத்துக்கும் அப்படியே கிடக்கும்.

இத்தனைக்கும் இந்த வண்டியை நம்பித்தான் அவர் பெண்ணையே கொடுத்தார்.

சிரிக்காதீர்கள், உண்மைதான். சம்பந்தம் பேச வந்த அன்று மற்றவர்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலில் நின்ற நீலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாப்பிள்ளையும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்.

"அப்பா வாங்கின வண்டி மாமா. ஒரு இடத்துலகூட கை வைக்கல. எல்லாமே கம்பெனி பெயிண்ட்."

வாய்வார்த்தையை நம்புகிற ஆளா இவர்? தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷைத் தொட்டு பானெட்டைத் தேய்த்தார். துணியில் நீலம் ஏறியது. கதவைத் தேய்த்தார். அங்கும் நீலம். கூரையிலும் அதேதான்.

அந்தக் காலத்துப் பெயிண்டுக்கு மேல்பூச்சு கிடையாது, தேய்த்தால் நிறம் துணிக்கு வந்துவிடும் என்று மாப்பிள்ளைக்கு விளக்கினார். பின்னால் யாராவது அடித்திருந்தால் மேலே கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சைப் பூசியிருப்பார்கள், துணி வெள்ளையாகவே திரும்பும். மாப்பிள்ளை பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கவனமாகத் தலையாட்டினார். அந்த அடக்கமும் இவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "முதல் பொண்டாட்டி சொல்லாம கொள்ளாம போயிட்டாளாம். எங்கே இருக்கான்னே இன்னும் தெரியலையாம். நீங்க மாப்பிள்ளையைப் பாத்தீங்களா, காரைப் பாத்தீங்களா?"

"வண்டியையே இப்படி வச்சிருக்கிறவர் நம்ம பொண்ணை எப்படி வச்சுப்பார், அதை யோசி" என்று வாயை அடைத்துவிட்டார்.

வண்டி முழுக்கத் தேய்த்துப் பார்த்தவர் டிக்கிக்குள் மட்டும் தேய்க்கவில்லை. டிக்கிக்குள் யாராவது மெனக்கெட்டு பெயிண்ட் அடிப்பார்களா?

இப்போது தோளில் இருந்த பாலிஷ் துணியை எடுத்தார். மூடியின் உள்ளே ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

துணி வெள்ளையாகவே திரும்பியது.

துருப் பிடித்திருக்கும், அதற்காக அடித்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. தொழில் புத்தி. தலையைச் சாய்த்து, வெயில் படுகிற பக்கமாகப் பார்த்தார்.

பளபளப்புக்குக் கீழே கோடுகள் தெரிந்தன. நாலு கோடுகள்.

கீறலில் பட்டிப் பசையை அடைத்து, அது நன்றாகக் காய்வதற்குள் மேலே பெயிண்டை அடித்திருந்தார்கள். அவசரக்காரன் வேலை. அப்படிப் பூசிய பட்டி போகப் போக உள்வாங்கும். எதை மறைத்தாயோ அதையே எடுத்துக் காட்டிவிடும்.

சாமான் உரசி விழுந்த கீறலென்றால் கோணல்மாணலாக இருக்கும். அதுவும் மூடியில் எந்தச் சாமான் உரசும்? இவை நாலும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே சீராக, பூட்டை நோக்கி இறங்கியிருந்தன.



தன் விரல்களை வைத்துப் பார்த்தார். சேரவில்லை. எமரித் தாள் தேய்த்துத் தடித்துப்போன விரல்கள், கோடுகளோ நெருக்கமாக இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டார். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"போற நேரத்துலயும் பெயிண்ட் ஆராய்ச்சிதானாப்பா?" என்று சிரித்தபடி மகள் வந்தாள்.

அவர் திரும்பியதில் பிடி நழுவியது. மூடி இறங்கியது. மகள் சட்டென்று கையை நீட்டி அதை உள்பக்கமாகத் தாங்கிக்கொண்டாள்.

அவளுடைய நாலு விரல்களும் அந்த நாலு கோடுகளில் அச்சாகப் பொருந்தின.

"கை ஜாக்கிரதை!" முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "ஒருதடவை சாத்திக்கிச்சுன்னா சாவி இல்லாம திறக்க வராது மாமா."

சாவி டிக்கிப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்புவதற்கும் அதுதான் சாவி.

அவர் அதை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டார். இன்னொரு கையால் மகளின் பெட்டியை வெளியே இழுத்துத் தரையில் வைத்தார்.

"ஏம்ப்பா?" என்றாள் மகள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கி நிதானமாகப் பின்பக்கம் வந்தார். தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மூடியில் பதிந்திருந்த மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு மாமனாரின் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

துணி வெள்ளையாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தவரே மாமனார்தான்.

மாப்பிள்ளை கையை நீட்டினார்.

"சாவி" என்றார். மாமா என்று சொல்லவில்லை.