ஏழாவது பொட்டலம்

“இந்தத் தடவையும் ஒண்ணுகூட முளைக்கலைங்க. என்ன விதை விக்கிறீங்க நீங்க?”

டைப்பிஸ்ட் அம்மா போனை வைத்த பத்தாவது நிமிடம் விதைக்கடைக்காரர் வாசலில் நின்றார். காலை பதினொரு மணி. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அம்மா ஓய்வுபெற்று எட்டு வருஷம், கணவர் தவறி மூன்று வருஷம். வெளியூர் மகள் ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான். முழங்கால் தகராறு செய்வதால் கடைத்தெருப் பக்கம் போயே மாதக்கணக்காகிவிட்டது.

ஃப்ரிட்ஜ் மேல் கதகதப்பாக இருக்கட்டும் என்று வைத்திருந்த விதை ஊன்றிய முட்டை அட்டையைக் கடைக்காரர் இறக்கினார். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு குழியிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தார். குடைமிளகாய் விதைகள் தொட்டதுமே நசுங்கின.

“வெதுவெதுப்பான தண்ணியிலதானே ஊறப்போட்டீங்க?”

“நீங்க சொன்னபடிதான்.” அம்மா அவசரமாக அடுப்பங்கரைக்குள் போனாள். “காபி கலந்துட்டேன், உக்காருங்க. வியாபார நேரத்துல உங்களை அலைய விடுறேன்.”

“அது கிடக்குதும்மா.”

வழக்கம்போல ஒரு காபி இரண்டாயிற்று. அம்மா தன் பழைய மேலதிகாரியைப் போலப் பேசிக் காட்டினாள். அவர் புரையேறுமளவு சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் மணி பன்னிரண்டரை.

அவர் எழுந்து, செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இது ஏழாவது பொட்டலம். இதுக்கு மேல உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலைம்மா. எல்லாம் பழைய சரக்கு, அதான் முளைக்க மாட்டேங்குது. நீங்க வேற எங்கயாவது வாங்கிக்குங்க. இனிமே நான் வரலை.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றும் ஒரே மனிதர் அவர். அவரும் வராவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

“விதை மேல பழி போடாதீங்க.” அவள் குரல் உடைந்தது. “நான்தான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணியை ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும். முளைச்சுட்டா நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?”

அவர் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திட்டணும்னா திட்டிடுங்க,” என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. “நான் கூப்பிட்டப்பல்லாம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தீங்களே!”

“கடையை மூடி மூணு மாசமாச்சும்மா.”