கைக்கு வந்த கோல்

தொற்றுக்குப் பயந்து மைதானத்தைப் பூட்டியதிலிருந்து ரிலே ஓட்டக்காரிக்கு வீட்டுக் கூடம்தான் ஓடுதளம். நாலு எட்டு வைத்தால் வாசற்கதவு மூக்கை உடைக்கும். துள்ளிக்கொண்டு ஓடியவள், இப்போதெல்லாம் அம்மா விரட்டினால்தான் படுக்கையை விட்டே எழுந்திருக்கிறாள்.

பந்தயத்தில் அவளுக்குக் கோல் தருகிற நெட்டச்சி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தாள். குழுவின் அலுமினியக் கோலும் அவள் பையோடு போய்விட்டது. அதனால் அம்மாதான் பின்னால் நின்று மரக்கரண்டியை நீட்டுவாள். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

அன்று சாயங்காலமும் நின்ற இடத்திலேயே ஓடியபடி கையைப் பின்னால் நீட்டினாள்.

"குடும்மா, சீக்கிரம்."

உள்ளங்கையில் பட்டென்று விழுந்தது. சில்லென்ற அலுமினியம். நுனியில் நெட்டச்சி சுற்றிவைத்த துணிப்பட்டி, எப்போதும்போல அவள் வியர்வையில் நனைந்திருந்தது.

"இருடி, அடுப்ப அணைச்சிட்டு வரேன்," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்கள்.

அவள் திரும்பவில்லை. கோலை வாங்கியவள் ஓடியாக வேண்டும். ஓடினாள். கதவு வந்துவிட்டது. அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கோலைக் கெட்டியாகப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.